ஒர்க்‌ஷாப்புக்குப் பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி

திருச்சியில் கல்யாண போட்டோகிராபராக எனக்கு இது இருபத்திரண்டாவது வருடம். போட்டோ எடுக்கச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி வகுப்புகளைப் பற்றி மாதத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, இந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போகலாமா? கட்டுற காசுக்குத் தகுமா?" கேட்கிறவர்களில் பாதிப் பேர் அதற்குள் முன்பணம் கட்டியிருப்பார்கள். அதனால்தான் இதை விவரமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

போன ஆவணியில் ஒரு தம்பி வேலை கேட்டு வந்தார். இருபத்து மூன்று வயது. அம்மா போட்ட சீட்டுப் பணத்தில் ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கி, மிச்சத்தில் சென்னையிலும் கோவையிலுமாக மூன்று ஒர்க்‌ஷாப் முடித்திருந்தார். கட்டணம், பஸ், தங்கல் எல்லாம் சேர்த்து 31,000 ரூபாய். போனில் பதினான்கு படங்கள் காட்டினார். ஒவ்வொன்றும் பத்திரிகை அட்டையில் போடுகிற மாதிரி இருந்தது. எனக்குச் சந்தோஷம். அடுத்த வாரமே லால்குடிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு இரண்டாவது கேமராவாகக் கூட்டிப்போனேன்.

முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரை. மேடையில் ஹோமப் புகை, மேலே எல்இடி விளக்கு வரிசை, எதிரே வீடியோக்காரரின் லைட். தம்பி சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துப் பார்த்து கேமராவில் வெளிச்சத்துக்கான எண்களை வைத்தார். எஃப் 8, ஷட்டர் 1/160 நொடி, ஐஎஸ்ஓ 100. ஒர்க்‌ஷாப்பில் குறித்துக்கொண்டு வந்தது. ஸ்டுடியோ ஃபிளாஷுக்கு அது நல்ல கணக்கு. மண்டப வெளிச்சத்தில் படம் முழுக்க இருட்டு. பதறிப்போய் ஆட்டோவுக்கு மாற்றினார். சத்தம் வராமல் இருக்க எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டிருந்தார். கேமரா தானாக 1/500-ஐப் பிடித்துக்கொண்டது. எல்லாப் படத்திலும் குறுக்கே வரிவரியாகக் கறுப்புப் பட்டை. அதற்குள் கெட்டிமேளம் கொட்டி, தாலி ஏறி, அட்சதையும் விழுந்து முடிந்துவிட்டது. பெண் வீட்டார் நின்ற பக்கத்தில் இருந்து எங்களுக்கு ஒரு படம்கூடத் தேறவில்லை.

நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. மலிவான எல்இடி விளக்குகள் பல அதற்கேற்ப நொடிக்கு 100 முறை மங்கி மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது, அதனால் மங்கிய நேரமெல்லாம் பட்டையாக விழுந்துவிடும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 1/100 அல்லது 1/50 வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இதைச் சொல்லிக்கொடுக்க இரண்டு நிமிடம் போதும். மூன்று ஒர்க்‌ஷாப்பிலும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அங்கே அதற்குத் தேவை வரவில்லை.

திரும்பும் வழியில் டீக்கடையில் நிறுத்தி, அந்தப் பதினான்கு படங்களை எப்படி எடுத்தாய் என்று கேட்டேன். அவர் ஒளிக்காமல் சொன்னார். ஒரு ஹால். முப்பது பேர். வரவழைத்த மாடல் ஒருவர், மேக்கப், உடை எல்லாம் தயார். ஃபிளாஷ் வெளிச்சத்தை மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸ் எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு உயரம், எவ்வளவு பவர் என்பதைப் பயிற்சி தருபவரும் அவருடைய ஆட்களும் முடிவு செய்து வைத்துவிட்டார்கள். ஃபிளாஷை இயக்கும் ட்ரிக்கர் ஒன்றுதான். வரிசையில் நின்று, முறை வந்ததும் ட்ரிக்கரை வாங்கிக் கேமரா தலையில் மாட்டி, கரும்பலகையில் எழுதியிருக்கும் எண்ணை வைத்து, பத்துப் பதினைந்து கிளிக். அப்புறம் ட்ரிக்கரைக் கழற்றி அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும்.

இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சாப்பாடு, அறிமுகப் பேச்சு போக ஐந்து மணி நேரம் படம் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 300 நிமிடம், முப்பது பேர். ஆளுக்குப் பத்து நிமிடம். 7,500 ரூபாய் கட்டணத்துக்கு நிமிடத்துக்கு 750 ரூபாய் ஆகிறது. அந்தப் பத்து நிமிடத்தில் அவர் எடுத்த முடிவு என்ன? விளக்கு எங்கே என்பது அவர் முடிவில்லை. நிற்கும் இடமும் எண்ணும்கூட அவர் முடிவில்லை. பொத்தானை அழுத்தியது மட்டும்தான் அவர். அந்தப் படம் விளக்கை வைத்தவருடைய படம்.

இரண்டு மாதம் கழித்து தஞ்சாவூரிலிருந்து வந்த இன்னொரு பையன் போனிலும் அதே மாடலை, அதே சிவப்புத் துப்பட்டாவில், அதே ஜன்னலோரத்தில் பார்த்தேன். எனக்கு வயிறு கலங்கியது. இந்தப் படங்களைப் பார்த்துத்தான் ஒரு குடும்பம் தங்கள் பெண்ணின் கல்யாணத்தை இவர்களிடம் ஒப்படைக்கப் போகிறது. பையன்கள் ஏமாற்ற நினைக்கவில்லை. தங்களுக்கு வந்துவிட்டது என்று உண்மையிலேயே நம்புகிறார்கள். அதுதான் எனக்குப் பெரிய கவலை.

அதற்காக ஒர்க்‌ஷாப்பே வீண் என்று சொல்ல மாட்டேன். என் தொழிலை மாற்றியதே ஒரு ஒர்க்‌ஷாப்தான்.

நான் 2003-இல் ஒரு ஸ்டுடியோவில் லைட் பிடிக்கும் பையனாகச் சேர்ந்தேன். அப்போது ஃபிலிம். ஒரு ரோலுக்கு 36 படம். கழுவி வந்ததும் முதலாளி நெகட்டிவை டியூப்லைட் முன்னால் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். "இதுல மாப்பிள்ளை கண்ணு மூடியிருக்கு, நீ ஏன் இன்னொண்ணு எடுக்கல?" என்று கேட்பார். திட்டும் விழும். ஆனால் நான் எடுத்த ஒவ்வொரு படத்தையும் பார்க்க ஒருவர் இருந்தார். டிஜிட்டல் வந்து நான் தனிக்கடை போட்ட பிறகு அந்த ஆள் இல்லாமல் போய்விட்டார். ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் படம் எடுத்தேன், யாரும் எதுவும் சொல்லவில்லை. வாடிக்கையாளர் "சூப்பர் சார்" என்பார், அவ்வளவுதான்.

2012-இல் 8,000 ரூபாய் கட்டி இரண்டு நாள் பயிற்சி ஒன்றுக்குப் போனேன். பன்னிரண்டு பேர்தான். மாடலும் ஏற்பாடு செய்யவில்லை, விளக்கும் கொண்டுவரவில்லை. ஆளுக்கு நாற்பது படம், அதுவும் நாலுக்கு ஆறு அளவில் பிரிண்ட் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். என் படங்களை ஒரு நீள மேஜையில் பரப்பிவிட்டு அந்த ஆசிரியர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னார்: "நாற்பதும் நீங்க நின்ன உயரத்துலேர்ந்தே எடுத்திருக்கீங்க. ஒரு தடவைகூட உட்காரல." ஒன்பது வருடம் கல்யாணம் எடுத்திருக்கிறேன், எனக்கே தெரியாது. மேடையில் மணமக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், நான் ஐந்தரை அடி உயரத்திலிருந்து உச்சந்தலையைப் பார்த்து எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அடுத்த முகூர்த்தத்துக்கு மேடை ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பெண்ணின் கண்ணும், தாலியை நீட்டும் கையும், பின்னால் விளக்கோடு நிற்கும் நாத்தனார் முகமும் ஒரே படத்தில் கிடைத்தன. அந்த 8,000 ரூபாய் அன்றே திரும்பிவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆகவே என்னிடம் யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: அங்கே உன் படங்களை யாராவது பார்ப்பார்களா? அன்றைக்கு அங்கே எடுக்கும் படங்களைச் சொல்லவில்லை. நீ ஏற்கெனவே எடுத்த, சரியாக வராத படங்களை. ஏற்பாட்டாளருக்குப் போன் போட்டு இதை நேராகக் கேளுங்கள். "ஒவ்வொருத்தர் படத்தையும் உட்கார்ந்து பார்ப்போம், இத்தனை நிமிடம்" என்று பதில் வந்தால் மேலே பேசலாம். "நாற்பது பேர் சார், அதுக்கெல்லாம் நேரம் இருக்காது" என்றால் வேண்டாம். எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். பதினைந்துக்கு மேல் போனால் என் அனுபவத்தில் பின்வரிசைக்கு எதுவும் போய்ச் சேர்வதில்லை. கற்றுக்கொடுப்பவர் நீங்கள் செய்ய விரும்பும் வேலையை இப்போதும் செய்கிறாரா என்று பாருங்கள். அவர் போட்டிருக்கும் பத்துப் படத்தைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம், ஒரு முழு ஆல்பத்தைக் காட்டச் சொல்லுங்கள். கல்யாண வேலை தெரிந்தவர் தயங்காமல் காட்டுவார்.

சான்றிதழைப் பார்த்து எனக்கு யாரும் இதுவரை கல்யாணம் கொடுத்ததில்லை. நானும் சான்றிதழைப் பார்த்து யாரையும் வேலைக்கு எடுத்ததில்லை. "ஐந்நூறு பிரீசெட் இலவசம்" என்பதற்கும் மயங்காதீர்கள். பிரீசெட் என்பது படத்தின் நிறத்தை ஒரே தட்டில் மாற்றும் தயார் அமைப்பு. அவற்றில் பலவற்றை நம் மக்கள் முகத்தில் போட்டுப் பார்த்திருக்கிறேன். மாநிறம் ஆரஞ்சாகும், கறுப்பு சாம்பலாகும். அதைவிட ஒரு சின்ன விஷயம் தெரிந்தால் போதும். மாப்பிள்ளை வெள்ளை வேட்டி சட்டையில் நிற்கும்போது கேமரா அந்த வெள்ளையைப் பார்த்து, வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். நல்ல கறுப்பான முகம் இன்னும் இருண்டுபோகும். கேமரா வைக்கும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைக் கொஞ்சம் ஏற்றுங்கள், அல்லது ஸ்பாட் மீட்டரிங்கில் முகத்தின் வெளிச்சத்தை மட்டும் அளந்து, கறுப்பான முகம் என்றால் அதிலிருந்து கொஞ்சம் குறையுங்கள். வேட்டியின் மடிப்புகள் தெரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் நிறம் அவர் நிறமாகவே வரும். வெளுக்கவைக்க வேண்டிய அவசியமே இல்லை.

பணம் கட்டுகிறவர்கள் ரசீது இல்லாமல் கட்டாதீர்கள். ஜிஎஸ்டி 18 சதவீதம் தனியா, கட்டணத்துக்குள்ளேயே உண்டா என்று கேளுங்கள். ரத்தானால் எவ்வளவு திரும்ப வரும் என்பது வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் இருக்கட்டும். விளம்பரத்தில் சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம்.

பறவை, காட்டுயிர் பயணங்களைப் பற்றி நான் அதிகம் பேச முடியாது. என் வேலை அது இல்லை. ஒன்று மட்டும். படத்துக்காகக் கூட்டைச் சுற்றியுள்ள கிளையை ஒடிக்கிறார்கள் என்றால் கட்டிய பணம் போனால் போகட்டும் என்று அந்த இடத்தைவிட்டு வந்துவிடுங்கள். மறைப்பில்லாமல் வெயிலிலும் காக்கை கண்ணிலும் கிடக்கும் குஞ்சு பிழைப்பது கஷ்டம்.

அப்புறம், கையில் பணமே இல்லாதவர்களுக்கு. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன, ஆர்செட்டி என்பார்கள். அவர்களுடைய பயிற்சிப் பட்டியலில் போட்டோகிராபியும் வீடியோகிராபியும் சேர்ந்து சுமார் ஒரு மாதப் பயிற்சி உண்டு. கிராமப்புற இளைஞர்களுக்குக் கட்டணம் இல்லை, சாப்பாடும் கொடுக்கிறார்கள். எல்லா மாதமும் எல்லா ஊரிலும் நடக்காது. உங்கள் மாவட்டத்து நிலையத்துக்கு நேரில் போய், அடுத்த பேட்ச் எப்போது என்று கேட்டுப் பெயர் கொடுத்துவிட்டு வாருங்கள். ஒரு மாதம் தொடர்ந்து கேமராவைத் தொடுவது, ஒரு நாள் வரிசையில் நிற்பதைவிட எவ்வளவோ மேல். ஏற்கெனவே கேமரா வைத்திருப்பவர்கள் அந்த 7,500-இல் ஒரு மேனுவல் ஃபிளாஷும் நூறு பிரிண்டும் எடுத்துக்கொண்டு, உங்கள் ஊரில் பத்து வருடம் தொழில் செய்த ஒருவரிடம் போய் "அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று உட்காரலாம். முதல் ஆள் நேரமில்லை என்பார். மூன்றாவது ஆள் பார்ப்பார்.

அந்தத் தம்பி இப்போதும் என்னிடம்தான் இருக்கிறார். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கடையில் கூட்டம் இருக்காது, அன்று அவர் அந்த வாரம் எடுத்த படங்களைப் பெரிய திரையில் போட்டு இரண்டு பேரும் பார்க்கிறோம். முதல் செவ்வாய் முந்நூறு படத்தில் தேறியது நான்கு. அவர் முகம் வாடிவிட்டது, அடுத்த வாரம் வருவாரா என்றுகூட நினைத்தேன். போன வாரம் பதினொன்று தேறியது. அதில் ஒன்று, பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்து, பாயசத்தை வழித்துப் பேத்தி வாயில் ஊட்டும் ஒரு பாட்டி. மண்டபத்துத் தரையில் உட்கார்ந்து, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுத்திருந்தார். யாரும் சொல்லி எடுத்ததில்லை. ஆல்பத்தில் அதற்கு 12-க்கு 36 அங்குல ஷீட் ஒன்றை முழுதாக ஒதுக்கியிருக்கிறோம்.