ஒளிவிலகல் பொருளாம்! எந்தக் கண்ணாடி ஒளியை விலக்காது?

தன்மேல் படும் ஒளியாலேயே ஒளியை வளைக்கும் அளவு மாறுகிற போட்டோரிஃப்ராக்டிவ் பொருளை ‘ஒளிவிலகல் பொருள்’ என்று எழுதுகிறார்கள். பாடக்குறிப்பில் பார்த்தேன், மொழிபெயர்ப்புக் கட்டுரையில் பார்த்தேன், போன வாரம் கிருஷ்ணகிரியில் ஒரு கருத்தரங்கின் திரையிலும் பெரிய எழுத்தில் நின்றது. கே.ஆர்.பி. அணைத் தண்ணீரில் செருகிய கம்பு முறிந்தாற்போலத் தெரிவதும் ஒளிவிலகல்தானே? அப்போ அணைத் தண்ணீரும் போட்டோரிஃப்ராக்டிவா?

‘போட்டோ’ கிரேக்கத்தில் ஒளி. ‘ரிஃப்ராக்ட்’ இலத்தீனில் உடைத்தல் என்ற வேரிலிருந்து வந்தது. டிஃப்ராக்‌ஷனுக்கும் அதே வேர்தான். அது, இடுக்கையோ விளிம்பையோ தாண்டும் ஒளி வளைந்து பரவுவதற்கு இத்தாலிய அறிஞர் கிரிமால்டி வைத்த பெயர்; அவர் இறந்தபின் 1665-இல் வெளியான நூலில் வருகிறது. வேர்க்கதை இவ்வளவு போதும்.

இந்தச் சொல்லில் இரண்டு ஒளி இருக்கிறது. ஒன்று விலகுகிற ஒளி, இன்னொன்று விலகலையே மாற்றுகிற ஒளி. ‘ஒளிவிலகல்’ என்பதில் ஏற்கெனவே ‘ஒளி’ இருப்பதால் போட்டோவுக்கும் சேர்த்துக் கணக்கு முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள். விழுங்கப்பட்டது முக்கியமான ஒளி. 1966-இல் பெல் ஆய்வகத்தில் ஆஷ்கினும் கூட்டாளிகளும் லித்தியம் நியோபேட் படிகத்தில் லேசர் பாய்ச்சியபோது, அந்த ஒளியே படிகத்தின் ஒளிவிலகல் எண்ணை, அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவை, இடத்துக்கு இடம் மாற்றிக் கற்றையைக் குலைத்தது. முதலில் அதைச் ‘சேதம்’ என்றுதான் சொன்னார்கள்.

இரண்டு லேசர் கற்றைகளைப் படிகத்துக்குள் சந்திக்கவிட்டால் வெளிச்சப் பட்டையும் இருட்டுப் பட்டையும் மாறி மாறி விழும். வெளிச்சத்தில் விடுபட்ட மின்னூட்டங்கள் நகர்ந்துபோய் இருட்டில் சிக்கிக்கொள்ளும். அங்கே பிறக்கும் மின்புலம், பாக்கெல்ஸ் விளைவின் (மின்புலத்தால் ஒளிவிலகல் எண் மாறுவது) வழியே ஒளிவிலகல் எண்ணைப் பட்டை பட்டையாக மாற்றும். ஒரு கீறல்கூட இல்லாமல் கீற்றணி, அதாவது ஒளியைப் பிரித்து அனுப்பும் நெருக்கமான கோடுகளின் வரிசை, தயார்! சீரான வெளிச்சம் பட்டால் அழிந்தும் போகும். எந்த ஜன்னல் கண்ணாடி இதைச் செய்யும்?

தனித்தமிழ் அன்பர் ஒருவர் ‘ஒளியொளிவிலகல்’ என்றார். இலக்கணம் சரி, நாக்குதான் பாவம். ‘ஒளிதூண்டு விலகல்மாற்றம்’ என்பேன் நான். நீளம்தான், ஆனால் யார் எதைச் செய்கிறார்கள் என்பது சொல்லிலேயே தெரியும். அதுவும் வேண்டாமென்றால் போட்டோரிஃப்ராக்டிவ் என்றே எழுதிவிட்டுப் போங்கள். தப்பான தமிழைவிட அது மேல்.

இதே ஆட்கள்தான் டிஃப்ராக்‌ஷனை ‘ஒளிச்சிதறல்’ ஆக்குகிறார்கள். சிதறல் ராமன் ஆராய்ந்த சங்கதி, அது வேறு. நம் பாடநூல் சொல்லும் ‘விளிம்பு விளைவு’ எனக்கு முழுத் திருப்தி தராது. படிகத்துக்குள் இருக்கும் கீற்றணியில் விளிம்பை எங்கே தேடுவது? ஆனாலும் அது ஊன்றிவிட்ட சொல், பிடுங்கத் தேவையில்லை. அடுக்குக் கீற்றணிகளில், அதாவது இடைவெளி விட்டு ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் கீற்றணிகளில், ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் திரும்பும் அலைகள் கட்டம் (அலையின் ஏற்ற இறக்க நிலை) ஒத்த கோணங்களில் கூடிப் பலக்கும், ஒவ்வாத கோணங்களில் ஒன்றையொன்று அழிக்கும். இதுவும் டிஃப்ராக்‌ஷன்தான்; கிருஷ்ணகிரிக் கருத்தரங்கின் திரையில் இதற்குப் போட்டிருந்த தலைப்பு ‘அடுக்கு ஒளிவிலகல் பொருளில் ஒளிச்சிதறல்’. நான்கு சொல்லில் ‘அடுக்கு’ மட்டும் சரி.