பனி உருகினால் ஆற்றில் தண்ணீர் கூடத்தானே வேண்டும்?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "பூமி சூடாகி மலையில் பனி உருகுகிறது என்கிறீர்கள். அப்படியானால் ஆற்றில் தண்ணீர் கூடத்தானே வேண்டும்? வற்றிப்போகும் என்று ஏன் சொல்கிறீர்கள்? கங்கைக்கும் அந்தக் கதிதானா?" நியாயமான கேள்வி. இரண்டுமே நடக்கும். முதலில் கூடும், அப்புறம் குறையும்.

பனியாறு பற்றிப் பள்ளியிலேயே படித்திருப்போம். உயரத்தில் விழும் பனி அடுக்கடுக்காக அழுந்திக் கட்டியாகி, தன் எடையாலேயே மெல்லக் கீழே நகர்கிறது. கீழ்முனையில் உருகி ஆறாகிறது. மேலே சேர்வதும் கீழே உருகுவதும் சமமாக இருக்கும்வரை சிக்கல் இல்லை.

பெரு நாட்டின் சாண்டா ஆற்றை எடுத்துக்கொள்வோம். ஆண்டிஸ் மலைகளில் கார்டியேரா பிளாங்கா என்ற தொடரின் பனியாறுகள் இதற்கு நீர் தருகின்றன. அங்கே மே முதல் செப்டம்பர் வரை மழை மிகக் குறைவு. அந்த மாதங்களில் ஆற்றைத் தாங்கிப் பிடிப்பதில் பனியாறுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. இந்த ஆற்றிலிருந்து போகும் கால்வாயை நம்பித்தான் கடற்கரைப் பாலைவனத்தில் அஸ்பாரகஸும் ப்ளூபெர்ரியும் விளைகின்றன.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். பனியை உருக்குவது சூடான காற்று என்றுதான் பலரும் நினைப்போம். வெப்பமண்டல மலைகளில் பெரிய வேலையைச் செய்வது வெயில். புதுப்பனி தன்மேல் விழும் வெயிலில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். தூசு படிந்த பழைய கட்டி 30 சதவீதம் அளவுக்குத்தான் அனுப்பும். அதாவது புதுப்பனி 20 பங்கு வெயிலை உள்ளே வாங்கினால், வெறும் கட்டி 70 பங்கை வாங்கிக்கொள்கிறது. இப்போது வெப்பநிலை ஒரே ஒரு டிகிரி ஏறட்டும். அந்த ஒரு டிகிரி நேரடியாக உருக்குவது கொஞ்சம்தான். ஆனால் பனியாற்றின் கீழ்ப்பகுதியில் பனியாக விழ வேண்டியது மழையாக விழுகிறது. மேலே புதுப்பனி மூடாததால் அழுக்குக் கட்டி வெயிலுக்கு வந்துவிடுகிறது. சூரியன் அதே சூரியன்தான், உருகல் மட்டும் பல மடங்கு! கட்டி உருகி ஓடியபின் அதிலிருந்த தூசில் ஒரு பகுதி மேலேயே தங்கிவிடுவதால் அது இன்னும் கறுக்கிறது, இன்னும் உருகுகிறது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 10 சதுர கிலோமீட்டர் பனியாறு, வருடத்துக்கு 1 மீட்டர் உயர நீர் அளவுக்கு உருகினால் ஆற்றுக்கு 1 கோடி கன மீட்டர் கிடைக்கும். உருகல் 2 மீட்டராகிப் பரப்பு 8 ஆகச் சுருங்கினால் 1.6 கோடி. ஊர் முழுக்க 'ஆறு நன்றாக ஓடுகிறது' என்றுதான் சொல்லும். பின்னாளில் உருகல் 3 மீட்டர், ஆனால் பரப்பு 3 சதுர கிலோமீட்டர்தான் மிச்சம் என்றால் 90 லட்சம். முன்னைவிட வேகமாக உருகியும் நீர் குறைந்துவிட்டது. அதற்குமேல் இறங்குமுகம்தான்.

சாண்டா படுகையில் 9 துணைப் படுகைகளை ஆராய்ந்து 2012-ல் வெளியான ஆய்வு, அவற்றில் 7 அநேகமாக, ஆற்றுநீர் கூடிக் கூடித் தொடும் அந்த உச்சத்தைத் தாண்டிவிட்டதாகச் சொன்னது. பனி விலகிய இடத்தில் வெளிப்பட்ட பாறையிலுள்ள இரும்புக் கந்தகத் தாது காற்றும் நீரும் பட்டு அமிலமாவதால், அங்கே சில ஓடைகள் துருநிறத்தில் ஓடுகின்றன. மிஞ்சும் நீரிலும் ஒரு பகுதி குடிக்க ஆகாது.

சரி, கங்கை? அதன் மொத்த நீரில் பெரும்பகுதி பருவமழை தருவது. பனியாறு போனாலும் சமவெளியில் கங்கை வற்றாது. மழைக்கு முந்தைய கோடையில், மலையோர ஊர்களில்தான் அடி பலமாக விழும். சிந்து நதியின் நிலை வேறு. அது பனிக்கும் பனியாற்றுக்கும் மிகவும் கடன்பட்டது. இமயப் படுகைகள் பலவற்றில் உச்சம் இந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலோ அதற்குப் பிறகோ வரும் என்பது கணிப்பு.

கணிப்பு சரியா என்று பார்க்க மேலே ஏறித்தான் அளக்க வேண்டும். இமாச்சலத்தின் சோட்டா ஷிக்ரி பனியாற்றில் 2002 முதல் அப்படி அளக்கிறார்கள். நீராவியால் கட்டியில் துளை போட்டு மூங்கில் கம்பை இறக்கிவிட்டு, பிறகு வந்து எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். இத்தனை எளிய வேலைகூட, ஆயிரக்கணக்கான இந்தியப் பனியாறுகளில் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் தொடர்ந்து நடக்கிறது. இன்றைய ஓட்டத்தை நம்பி மலையில் நீர்மின் நிலையம் கட்டக் கோடிகளை ஒதுக்கும் அரசுகள், அந்த ஓட்டம் உச்சத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அறிய இந்தக் கம்புகளுக்கும் அவற்றை நட ஏறுபவர்களுக்கும் வருடா வருடம் பணம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.