கிண்ணத்துல மிச்சமான கஞ்சி ஏன் தண்ணியாகுது?

என் பொண்ணுக்கு எட்டு மாசம் இருக்கும்போது தினமும் காலைல கேழ்வரகு கஞ்சிதான். ஊட்ட ஆரம்பிக்கும்போது ஸ்பூன்ல அப்படியே நிக்கும், அவ பாதி சாப்பிட்டு மூஞ்சிய திருப்பிக்கிட்டு தவழ்ந்து போய்டுவா, கால் மணி நேரம் கழிச்சு கிண்ணத்த சாய்ச்சா தண்ணி மாதிரி ஓடும். யாரும் தண்ணி ஊத்தல. கெட்டுப்போச்சு போலன்னு பயந்து ரெண்டு மூணு வாட்டி மாவையே மாத்தியிருக்கேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அது அவ எச்சிலோட வேலை. வாய்க்கு போன ஸ்பூன் திரும்ப கிண்ணத்துக்குள்ள வரும்போது அமைலேஸ்ங்கற என்சைமும் கூடவே வந்துடுது.

மாவுச்சத்துங்கறது குளுக்கோஸ மணி மணியா கோத்த நீளமான சரம். மாவ தண்ணில கரைச்சு அடுப்புல வெச்சா மாவுத் துகள் தண்ணிய குடிச்சு உப்பி, சரமெல்லாம் வெளிய வந்து ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்குது, அதனாலதான் கஞ்சி கெட்டியாகுது. அமைலேஸ் அந்த சரத்த துண்டு துண்டா வெட்டிடும். மாவு அதே அளவுதான் இருக்கும், பிடிச்சு வெச்ச தண்ணிய மட்டும் விட்டுடும்.

இத ஏன் இவ்ளோ சொல்றேன்னா, கஞ்சி கெட்டியா இருந்தா குழந்தை முழுங்காதுன்னு நாம எல்லாரும் தண்ணி ஊத்தி நீர்க்க குடுக்கறோம், அங்கதான் தப்பு நடக்குது. குழந்தை வயிறு கிலோவுக்கு சுமார் 30 மில்லிதான் பிடிக்கும், எட்டு கிலோ குழந்தைன்னா ஒரு வேளைக்கு 240 மில்லி. 100 மில்லி கஞ்சில 6 கிராம் கேழ்வரகு மாவு போட்டா கிடைக்கறது கிட்டத்தட்ட 20 கலோரி. தாய்ப்பால்ல 100 மில்லிக்கு 65, 70 கலோரி இருக்கு! அதாவது பால விட மூணு மடங்கு கம்மியான ஒண்ண குடுத்து வயித்த ரொப்பி, அடுத்த வேளை பாலையும் குடிக்க விடாம பண்றோம். 6 லேந்து 8 மாசத்துல பாலுக்கு மேல ஒரு நாளைக்கு 200 கலோரி வேணும், 9 லேந்து 11 மாசத்துல 300. இந்த கஞ்சில 200 கலோரி வரணும்னா ஒரு லிட்டர் குடிக்கணும். குழந்தை நல்லாதான் சாப்பிடுது, ஆனா வெயிட் ஏறலன்னு கவலைப்படற வீட்ல முதல்ல கஞ்சி எவ்ளோ நீர்க்க இருக்குன்னு பாருங்க.

சரி, மாவ அதிகமா போட்டா களி ஆயிடுமே? அதுக்குத்தான் முளைகட்டறது. விதை முளைக்கும்போது குருத்துக்கு சாப்பாடு வேணும், அதுக்காக தன்கிட்ட இருக்கற மாவுச்சத்த வெட்ட அதுவே அமைலேஸ் சுரக்குது. கேழ்வரக ராத்திரி ஊறவெச்சு, துணில கட்டி, வெள்ளையா முளை விட்டதும் வெயில்ல காயவெச்சு, முளைய தேய்ச்சு எடுத்துட்டு அரைச்சா அந்த என்சைம் மாவுலயே இருக்கும். மைசூர்ல இருக்கற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்துல (சிஎஃப்டிஆர்ஐ) மல்லேஷியும் தேசிகாச்சாரும் 1980கள்ல முளைகட்டின ராகியும் பாசிப்பயறும் வெச்சு இப்படி ஒரு குழந்தை உணவு பண்ணாங்க, பரோடாவுல ஊட்டச்சத்து ஆய்வாளர் தாரா கோபால்தாஸ் குழு கெட்டியான அரிசிக் கஞ்சில இந்த முளைமாவு கொஞ்சூண்டு போட்டாலே இளகிடுதுன்னு காட்டினாங்க.

வீட்லயே பாக்கலாம். 100 மில்லிக்கு 20 கிராம் மாவு போட்டு களி மாதிரி காய்ச்சி, அடுப்ப அணைச்சு ரெண்டு மூணு நிமிஷம் ஆறவிட்டு முளைமாவு ஒரு ஸ்பூன் போட்டு கிளறுங்க. கொதிக்க கொதிக்க போடாதீங்க, என்சைம் செத்துடும். முதல்ல கரண்டி நகராது, அப்புறம் திடீர்னு லேசாகும், அஞ்சு நிமிஷத்துல ஊத்தற பதம் வந்துடும். அப்புறம் மறுபடி ஒரு கொதி விடணும், பச்சை மாவுல கிருமி இருக்கலாம். இப்போ அதே 100 மில்லில 60 கலோரிக்கு மேல, ஒரு ஸ்பூன் நெய் விட்டா இன்னும் 40.

மாவு மணக்கணும்னு சிவக்க சிவக்க வறுத்துட்டா முளைகட்டின வேலையே வீண், சூட்டுல அமைலேஸ் போயிடும். வாசனை வேணும்னா காய்ச்சற மாவ வறுங்க, முளைமாவ விட்டுடுங்க. சோளத்த (மக்காச்சோளம் இல்ல, ஜோவார்னு சொல்றது) மட்டும் முளைகட்டாதீங்க, அந்த முளைல சயனைடு வர்ற பொருள் இருக்கு.

கஞ்சி மட்டும் போதாதுங்க. அம்மாகிட்டேந்து வாங்கி வந்த இரும்புச்சத்து ஆறு மாசத்துக்கு மேல தீர ஆரம்பிக்கும், பருப்பு, கீரை, மீன், ஈரல்னு மசிச்சு குடுக்கணும். ஒரு வயசு வரைக்கும் பசும்பால முக்கிய பாலா குடுக்காதீங்க, அதுல இரும்பு ரொம்ப கம்மி, சாப்பாட்டுல இருக்கற இரும்பையும் உடம்புல சேர விடாது.

அந்த எச்சில் கிண்ணத்த மூடி வெச்சு மத்தியானம் குடுக்காதீங்க, எச்சிலோட வாய்ல இருக்கற கிருமியும் அதுல இறங்கியிருக்கும். பாத்திரத்துலேந்து கொஞ்சம் கொஞ்சமா தனி கிண்ணத்துல எடுத்து ஊட்டுங்க, மிச்சம் சுத்தமா இருக்கும்.