கேமரா ரிப்பேர் இல்லைங்க தம்பி, ஜூம் எக்ஸ் கணக்குதான் ரிப்பேர்

இந்த மாசி மாதத்தில் மட்டும் இது நாலாவது கேஸ். கோபிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். தோளில் பெரிய பை, பைக்குள் துண்டில் சுற்றிய கேமரா. மேசைமேல் வைத்துவிட்டு, "ஏனுங்கண்ணா, லென்ஸ்ல ஏதோ கோளாறு போலிருக்குதுங்க. அண்ணன் கல்யாணத்துல எடுத்த ஒரு போட்டோகூடத் தெளிவா இல்லீங்க. வாங்கி மூணே மாசந்தானுங்க ஆச்சு" என்றார்.

கோவையில் இருபது வருடத்துக்கு மேலாகக் கேமரா சர்வீஸ் செய்கிறேன். ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதற்கு முன் மெமரி கார்டை வாங்கிக் கணினியில் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். பாதி வியாதி அதிலேயே தெரிந்துவிடும். முந்தின நாள் ராத்திரி மண்டபத்தில் நடந்த இணைச்சீர் (மாப்பிள்ளைக்குச் சகோதரி செய்யும் கொங்குச் சடங்கு) படங்கள். ஒரு படத்தின் விவரத்தைத் திறந்தேன். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 3200, ஷட்டர் 1/15 நொடி, எஃப் (லென்ஸ் துளையின் அளவு, எண் சிறிதானால் துளை பெரிது) 5.6. சீருக்கு நின்ற அக்காவின் முகம் மெழுகில் வார்த்த மாதிரி வழுவழுவென்று இருந்தது. பட்டுச்சேலை ஜரிகை இழை இழையாகத் தெரிய வேண்டியது, மஞ்சள் குழம்பாக ஓடிக் கிடந்தது. பின்னால் நாற்காலி வரிசையில் உட்கார்ந்தபடி, ஜூம் போட்டு எடுத்திருக்கிறார்.

சோதனைக்காகச் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டையை வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தேன். லென்ஸ் நன்றாகவே இருந்தது. "கேமரா ரிப்பேர் இல்லைங்க தம்பி" என்றேன்.

அவர் நம்பவில்லை. "இது 65 எக்ஸுங்கண்ணா. எங்க மாமா பையன் சட்டைப்பையில போட்டுட்டு வந்தது வெறும் நாலு எக்ஸு. அதுல எல்லாம் பளிச்சுனு வந்திருக்குது. அதெப்படிங்க?"

எக்ஸ். இந்த ஒரு எழுத்தால் எனக்குப் பாதி முடி நரைத்தது. தயவுசெய்து ஒரே ஒரு முறை பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

ஜூம் கேமராவில் எக்ஸ் என்பது ஒரு வகுத்தல் கணக்கு. லென்ஸ் எட்டும் மிக நீண்ட குவிய நீளத்தை (மி.மீ.யில் சொல்வது, கூடக்கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும்) மிகக் குறுகிய குவிய நீளத்தால் வகுத்தால் வரும் எண். வேறொன்றும் இல்லை. 2018-இல் வந்த நிக்கான் கூல்பிக்ஸ் பி1000, ஃபுல் ஃப்ரேம் கணக்கில் (பழைய ஃபிலிம் அளவுக்கு ஈடாகச் சொல்வது) 24 மி.மீ. முதல் 3000 மி.மீ. வரை போகும். 3000-ஐ 24-ஆல் வகுங்கள், 125. அதனால் அது 125 எக்ஸ். 2015-இல் வந்த பி900 இதே கணக்கில் 24 முதல் 2000 வரை. அது 83 எக்ஸ். இந்த எண்ணுக்குள் தெளிவு இல்லை, நிறம் இல்லை, இருட்டில் எடுக்கும் திறமை இல்லை. எட்டாம் வகுப்பு வகுத்தல் மட்டும்தான் இருக்கிறது.

இன்னும் புரியவில்லையா? ஒரு லென்ஸ் 10-இலிருந்து 20 வரை போகிறது. இரண்டு எக்ஸ். இன்னொரு லென்ஸ் 300-இலிருந்து 600 வரை. அதுவும் இரண்டு எக்ஸ்தான். முதலாவதில் மண்டபமே முழுசாக வரும். இரண்டாவதில் மாப்பிள்ளையின் மூக்கு வரும். எக்ஸ் மட்டும் ஒன்றே. காட்டுயிர்ப் படக்காரர்கள் ட்ரைபாடில் பூட்டி வைத்திருக்கும் 600 மி.மீ. எஃப் 4 லென்ஸைப் பார்த்திருப்பீர்கள். புதிதாக வாங்கினால் பத்து லட்சத்துக்கு மேல். அது எத்தனை எக்ஸ் தெரியுமா? ஒன்று. ஜூமே கிடையாது. கடைக்காரரிடம் 'ஒரு எக்ஸ் லென்ஸுக்குப் பத்து லட்சமா' என்று சண்டைக்குப் போவீர்களா?

குழப்பம் பைனாகுலரில் தொடங்கியது என்பது என் எண்ணம். பைனாகுலரில் 8 எக்ஸ் என்றால் உண்மையிலேயே எட்டு மடங்கு பெரிதாகத் தெரியும் என்று அர்த்தம். அதே எழுத்தைக் கேமராப் பெட்டியிலும் அச்சடித்தார்கள். அப்புறம் செல்போன்காரர்கள் 100 எக்ஸ் என்று ஆரம்பித்தார்கள். அதில் பெரும்பகுதி டிஜிட்டல் ஜூம், அதாவது இருக்கிற படத்தின் நடுவை வெட்டி இழுத்துப் பெரிதாக்குவது. மாவில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால் தோசையின் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். சூப்பர் ஜூம் கேமராக்களின் (தம்பியுடையது மாதிரி எக்ஸ் அதிகமானவை) ஆப்டிகல் ஜூம் அப்படி ஏமாற்று வேலை அல்ல, கண்ணாடியே செய்யும் வேலை. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதிலும் ஆப்டிகல் முடிந்த பிறகு டிஜிட்டல் தொடர்கிறது. பி1000-இல் நான்கு மடங்கு இழுத்து 12000 மி.மீ. என்று காட்டும். அதை மெனுவில் அணைத்துவிடுங்கள்.

சரி, மாமா பையனின் நாலு எக்ஸ் கேமரா ஏன் ஜெயித்தது? சென்சார், அதாவது லென்ஸுக்குப் பின்னால் ஒளியை வாங்கும் சில்லு. பில் புக்கின் பின்னட்டையில் ஸ்கேல் வைத்து அந்தத் தம்பிக்கு இரண்டு கட்டம் வரைந்து காட்டினேன். அவருடைய கேமராவின் சென்சார் ஏறக்குறைய 6.2 க்கு 4.6 மி.மீ., துவரம்பருப்பு அளவு. மாமா பையனுடையது 13.2 க்கு 8.8. பரப்பில் நான்கு மடங்கு. அதோடு அந்தச் சின்னக் கேமராவின் லென்ஸ் எஃப் 1.8 வரை திறக்கும். இவருடையது ஜூம் போடாத நிலையிலேயே எஃப் 3.4. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், அதே மண்டபத்தில், அதே ஷட்டரில், மாமா பையனின் சென்சாருக்குப் பத்து மடங்குக்கும் மேல் ஒளி கிடைக்கிறது. ஒளி போதாத இடத்தைக் கேமரா புள்ளி புள்ளியாக நிரப்பும், பிறகு அந்தப் புள்ளிகளை மறைக்கத் தேய்த்து மெழுகும். அக்கா முகத்தில் தெரிந்தது அந்த மெழுகல்தான்.

(தொழில்காரனின் புலம்பல் ஒன்று: இந்த 13.2 க்கு 8.8 சென்சாரைத்தான் 'ஒரு இன்ச் சென்சார்' என்று விற்கிறார்கள். மூலைக்கு மூலை அளந்தாலும் 16 மி.மீ.தான் வரும். அந்தக் காலத்து டிவி கேமராவில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டக் கணக்கு அது. குழாய் போய் எத்தனையோ வருடம் ஆகியும் பேர் மட்டும் போகவில்லை.)

கதை இதோடு முடிந்தால் எல்லோரும் போய்ச் சின்னக் கேமராவை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாம். அப்படியும் இல்லை. போன வருடம் பொள்ளாச்சியிலிருந்து ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் வந்தார். யாரோ 'பெரிய சென்சார் வாங்குங்க' என்று சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 28 மி.மீ. நிலையான லென்ஸ் (ஜூம் இல்லாதது) உள்ள ஏபிஎஸ்-சி (ஒரு இன்ச்சைவிடப் பெரிய சென்சார்) காம்பாக்ட், அதாவது சட்டைப்பைக் கேமரா, வாங்கியிருந்தார். ரிக்கோ ஜிஆர் 3 அந்த ஜாதிதான். சென்சார் 23.5 க்கு 15.6, அருமையான பொருள். அதைத் தூக்கிக்கொண்டு வால்பாறைக்கு இருவாட்சி எடுக்கப் போய்விட்டார்! "ஏனுங், பறவை எங்கேன்னு நீங்களே தேடிப் பாருங்" என்று படத்தைக் காட்டினார். தேடினேன். மரத்தில் எறும்பு மாதிரி ஒன்று.

இருவாட்சி ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். 100 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், 28 மி.மீ. லென்ஸின் படத்துக்குள் மேலிருந்து கீழாக 86 மீட்டர் காடு வந்துவிடும். 200 மி.மீ. என்றால் 12 மீட்டர். 2000 மி.மீ. என்றால் 1.2 மீட்டர், பறவை படத்தை நிறைத்துவிடும். அங்கே சூப்பர் ஜூம்தான் ராஜா, அதுவும் நல்ல காலை வெயில் இருக்கும்வரை. வாத்தியாருக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: கேமராவை விற்காதீர்கள், பேரக்குழந்தைகளை எடுங்கள், வீட்டுக்குள் டியூப்லைட்டில் அது எடுக்கிற படத்தை உங்கள் ஊரில் யாரும் எடுக்க முடியாது.

இன்னொரு வகை உண்டு. பண்ணாரி அம்மன் கோயில் குண்டத்துக்கு (தீமிதிக்கு) போகிறேன், எதை வாங்கட்டும் என்று பங்குனிக்குப் பங்குனி யாராவது கேட்கிறார்கள். விடியாத இருட்டு, கூட்டத்துக்குப் பின்னால் தூரத்தில் நீங்கள், ஓட்டமாக இறங்கி வருகிறவர்கள். தூரமும் உண்டு, இருட்டும் உண்டு, அசைவும் உண்டு. சூப்பர் ஜூமுக்கு ஒளி போதாது. சின்னக் காம்பாக்டுக்குக் கை எட்டாது. இரண்டும் உதவாது என்று சொன்னால் என் மேல் கோபம் வருகிறது. நடுவாந்தரமாக, சோனி ஆர்எக்ஸ்10 நான்காம் பதிப்பு மாதிரி, ஒரு இன்ச் சென்சாரோடு 600 மி.மீ. வரை எஃப் 4-இல் எட்டும் கேமராக்கள் உண்டு. கனம் ஒரு கிலோவுக்கு மேல், விலையும் அதற்குத் தகுந்த மாதிரி. அதுவும் அந்த இருட்டில் திணறும்.

சூப்பர் ஜூம் வாங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2000, 3000 என்று முழுக்க நீட்டி, காங்கயம் மேட்டாங்காட்டில் மத்தியான வெயிலில் ஒரு மைல் தள்ளி நிற்கும் காளையை எடுத்துவிட்டு 'கலங்கலா இருக்குது' என்று கொண்டுவராதீர்கள். நடுவில் கொதிக்கிற காற்று நெளிகிறது. அதை எந்தக் கம்பெனி லென்ஸும் சரி செய்யாது. கிட்டே போங்கள், அல்லது காலையில் எட்டு மணிக்குள் எடுங்கள். பி1000-இன் கடைசி முனையில் அப்பர்ச்சர் எஃப் 8. அந்தத் துளையில் ஒரு ஒளிப்புள்ளி சென்சாரில் விழும்போது 10 மைக்ரானுக்கு மேல் விரிந்துவிடும். அங்கே ஒரு பிக்சலின் அகலமோ 1.3 மைக்ரான், அதனால் கூர்மை மழுங்கும். கடைசி முனை நிலாவைக் காட்டி வீட்டில் கைதட்டு வாங்க நல்லது. வேலைக்கு முக்கால்வாசி ஜூமில் நின்றுகொள்ளுங்கள், கையில் பிடிக்காமல் வரப்பு, மதில், ட்ரைபாட் எதிலாவது ஊன்றுங்கள்.

இனி என் மேசைக்கு உண்மையிலேயே ரிப்பேராகி வருபவை. தூசிதான் முதலிடம். இரண்டு வகைக் கேமராவிலும் லென்ஸைக் கழற்ற முடியாது, ஆனால் பெரும்பாலானவற்றில் குழல் வெளியே நீண்டு உள்ளே போகிறது. ஒவ்வொரு தடவையும் துருத்தி மாதிரி காற்றை இழுக்கும். சோமனூரில் தறிக்குடோனுக்குள் படம் எடுத்த ஒரு கேமராவைப் பிரித்தபோது உள்ளே பஞ்சு நூல் சுருண்டு கிடந்தது. ஈரோட்டு மஞ்சள் மண்டிக்குப் போய்வந்த இன்னொன்றில் லென்ஸ் குழல் முழுக்க மஞ்சள் பூச்சு. சென்சாரில் ஒரே ஒரு துகள் உட்கார்ந்தாலும் முழுக் கேமராவையும் பிரித்தாக வேண்டும், அந்தக் கூலியைக் கேட்டு என்னிடம் முகம் சுளிக்காதீர்கள். பஞ்சு, மாவு, மஞ்சள்தூள் பறக்கும் இடத்தில் ஜூமை ஓயாமல் ஆட்ட வேண்டாம். ஓர் அளவில் வைத்து எடுங்கள்.

அரிசி டப்பாவில் கேமராவைப் புதைக்கும் அம்மணிகளே, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், வேண்டாம். அரிசி மாவுத்தூசி ஜூம் குழலுக்குள் போய்ப் பசையாகிறது. பூஞ்சைக்குப் பயமென்றால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போதும். காம்பாக்டைப் பேண்ட் பாக்கெட்டில் போடுகிறவர்கள் உறையோடு போடுங்கள். உள்ளேயே ஆன் ஆகி, லென்ஸ் வெளியே வர முட்டி, பல்சக்கரம் போனது மாதத்துக்கு ஒன்றாவது வருகிறது. ஃபில்டர் இல்லாமல் ஜூமைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. 2019 டிசம்பர் 26-இல் நம்ம ஊரில் வளையக் கிரகணம் தெரிந்ததே, அன்றைக்கு மறுநாள் என் கடைக்கு வந்த ஒரு கேமராவில் அப்பர்ச்சர் இதழ்கள் கருகிச் சுருண்டிருந்தன.

வாங்கப் போகும்போது சொந்த மெமரி கார்டைக் கொண்டுபோங்கள். கடைக்காரர் வாசல் வெளிச்சத்தில் தூரத்துப் போர்டைக் காட்டுவார், அதைப் பார்த்து மயங்க வேண்டாம். கடைக்குள் இருட்டான மூலையில் கூட வந்தவரை நிற்க வைத்து எடுங்கள். வீட்டில் பெரிய திரையில் பார்த்துவிட்டு மறுநாள் பணம் கட்டுங்கள். நீங்கள் எடுக்கப்போவது தூரமா, இருட்டா என்று கேட்காமல் எக்ஸ் சொல்லும் கடையென்றால் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

கோபித் தம்பி கேமராவை விற்றுவிடலாமா என்று கேட்டார். "எதுக்குங்க? ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கு வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக்குப் போங்க. சீசன் முடியறதுக்குள்ள போயிட்டு வந்து சொல்லுங்க" என்றேன். சர்வீஸ் கூலி வாங்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் வாட்ஸாப்பில் ஒரு படம் வந்தது. கூழைக்கடா ஒன்று, கொஞ்சம் பக்கவாட்டில் வெயில் அடிக்க, அலகின் ஓரத்தில் இருக்கும் புள்ளிகள்கூட எண்ணும்படி. உண்மையிலேயே நல்ல படம். அதற்குக் கீழே குரல் செய்தி: "எப்படீங்கண்ணா இருக்குது? சொல்லுங்க பாப்போம், எத்தனை எக்ஸ்ல எடுத்திருப்பேன்?"