கியூஓஎஸ்: ‘சேவையின் தரம்’ என்று எழுதுவது சரியா?

‘ரவுட்டரில் சேவையின் தரத்தை இயக்கவும்.’ வலைப்பின்னல் பாடங்களின் தமிழாக்கத்தில் இந்த வரி திரும்பத் திரும்ப வருகிறது. ‘குவாலிட்டி ஆஃப் சர்வீஸ்’, சுருக்கமாகக் கியூஓஎஸ், என்பதைத்தான் இப்படிப் பெயர்த்திருக்கிறார்கள். தரத்தை எப்படி இயக்குவது? புதிதாகப் படிப்பவர், பொத்தானை அழுத்தினால் இணையம் வேகமாகிவிடும் என்றுதான் நினைத்துக்கொள்வார். கியூஓஎஸ் இணைப்பின் கொள்ளளவைக் கூட்டுவதே இல்லை. நெரிசல் வரும்போது எந்தப் பொட்டலம் (வலைப்பின்னலில் போகும் தரவின் சிறு துண்டு) முதலில் போகும், எது காத்திருக்கும், எது கைவிடப்படும் என்று தீர்மானிப்பதே அதன் வேலை.

குவாலிட்டிக்கு வேர் ‘எத்தகைய’ என்று பொருள்படும் ‘குவாலிஸ்’ என்ற இலத்தீன் சொல். உயர்வு என்ற பொருள் பிற்பாடு ஏறியது. நம் ‘தரம்’ என்ற சொல்லிலும் இந்த இரண்டும் உண்டு: ‘தரமான பொருள்’ என்கிறோம், ‘தரம் பிரித்து அடுக்கு’ என்றும் சொல்கிறோம். மொழிபெயர்ப்பாளர்கள் முதலாவதைப் பிடித்துக்கொண்டார்கள். இங்கே வேண்டியது இரண்டாவது.

சரி, பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஈ.800 பரிந்துரை பயனர் பெறும் சேவையின் தன்மையைத்தானே கியூஓஎஸ் என்கிறது என்று கேட்கலாம். உண்மைதான். தாமதம், தாமதத்தின் ஏற்ற இறக்கம், பொட்டல இழப்பு ஆகியவற்றை அளந்து பேசும் இடத்தில் ‘சேவைத் தரம்’ இருக்கட்டும். குரலழைப்பில் ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்பது அந்த வகைப் பேச்சு. ரவுட்டரில் இயக்குவது அளவை அல்ல, ஒரு செயல்முறை. அதற்கும் அதே சொல்லை ஒட்டுவதுதான் குழப்பம்.

இதைவிட மோசமானது ‘உயர்தரச் சேவை’ என்ற பெயர்ப்பு. ஒன்று முன்னே போனால் இன்னொன்று பின்னே நின்றாக வேண்டும். குரலழைப்புக்கு வழிவிட்டு நிற்கும் கோப்புப் பதிவிறக்கத்துக்கு இதில் என்ன உயர்தரம் கிடைத்தது? 1981இல் வந்த ஐபி என்ற இணைய நெறிமுறையிலேயே ஒவ்வொரு பொட்டலத்திலும் இதற்கென 8 பிட் இடம் ஒதுக்கி, ‘சேவை வகை’ என்றுதான் பெயர் வைத்தார்கள். 1998இல் வந்த டிஃப்சர்வ் (டிஃபரன்ஷியேட்டட் சர்வீசஸ்) என்ற முறை அதில் 6 பிட்டை எடுத்து 64 குறியீடுகளுக்கு இடம் கொடுத்தது. குரலுக்கு வழக்கமாக இடும் குறியீடு 46. வகை, குறி, வேறுபாடு என்றுதான் எங்கும் பேச்சு. உயர்வு எங்கிருந்து வந்தது?

‘முன்னுரிமை’ பரவாயில்லை, ஆனால் அது பாதிதான். பிற பொட்டலங்கள் பட்டினி கிடக்காதபடி குரலின் வரிசைக்கும் ஓர் உச்சவரம்பு வைப்பார்கள். வேகத்தை மட்டுப்படுத்துவது, நிரம்பும் முன்பே சிலவற்றைக் கைவிடுவது என்று இன்னும் வேலைகள் உண்டு. உச்சவரம்பை எப்படி உரிமை என்பது?

நான் ‘தரம்பிரிப்பு’ என்றே எழுதுகிறேன். ‘தரம்பிரிப்பை இயக்கவும்’ என்று ரவுட்டரின் அமைப்புப் பட்டியலில் போட்டால், எதைப் பிரிக்கிறது, எப்படிப் பிரிக்கிறது என்ற சரியான கேள்வி படிப்பவருக்கு உடனே எழும். டிஃப்சர்வுக்கு ‘வேறுபட்ட சேவைகள்’ என்று எழுதுகிறார்களே, அதையும் ‘தரம்பிரித்த சேவைகள்’ என்று மாற்றிவிடலாம்.