ரூஸ்வெல்ட்டின் இரத்த அழுத்தமும் நம் வீட்டு பி.பி. கருவியும்

1945 ஏப்ரல் 12, ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸ். தன்னை வரைந்துகொண்டிருந்த ஓவியர் முன் அமர்ந்திருந்த அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், பின்தலையில் தாங்க முடியாத வலி என்றார். அப்படியே நினைவிழந்தார். இரண்டரை மணி நேரத்துக்குள் மூளை இரத்தக்கசிவால் உயிர் பிரிந்தது. வயது 63. அன்று அவருடைய இரத்த அழுத்தம் 300/190.

திடீர் மரணம் என்றுதான் உலகம் நினைத்தது. ஆனால் அவருடைய அளவுகளை வரிசையாகப் பாருங்கள்: 1935இல் 136/78, 1937இல் 162/98, 1941இல் 188/105. பத்தாண்டுகளாக உடல் எச்சரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. 1944 மார்ச்சில் இதய மருத்துவர் ஹோவர்ட் புரூன் பரிசோதித்தபோது 186/108; இதயம் பெருத்து, செயலிழக்கத் தொடங்கியிருந்தது. இதயத்துக்கு வலுவூட்டும் டிஜிட்டாலிஸ் மருந்தைக் கொடுத்தார், உப்பையும் சிகரெட்டையும் குறைக்கச் சொன்னார். அழுத்தத்தை நம்பகமாகக் குறைக்கும் மாத்திரை அன்று கிடையாது. போதாததற்கு, வயதாக ஆக அழுத்தம் கூடுவது உடலின் தேவை, அதைக் குறைத்தால்தான் ஆபத்து என்று அன்றைய மருத்துவர்கள் பலரே நம்பினார்கள். ‘வயதோடு நூறைக் கூட்டினால் வருவது சரியான பி.பி.’ என்று இன்றும் சிலர் சொல்வது அந்தக் காலத்தின் மிச்சம். தயவுசெய்து நம்பாதீர்கள்.

அவருக்குப் பின் வந்த ட்ரூமன் 1948 ஜூனில், இதய நோய் ஆராய்ச்சிக்கு வழிசெய்த தேசிய இதயச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதே ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் இதய நோய்க்கான காரணங்களைத் தேடும் ஆய்வு தொடங்கியது. 5,209 பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த பிறகுதான் உயர் இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகை ஆகியவை மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் இட்டுச்செல்கின்றன என்பது ஐயமின்றி நிலைபெற்றது. இன்று தொந்தரவு ஏதும் இல்லாதவருக்கும் மருத்துவர்களாகிய நாங்கள் பி.பி. மாத்திரை எழுதுகிறோம் என்றால், அதன் வேர் அங்கே இருக்கிறது.

1955 செப்டம்பரில் டென்வரில் அதிபர் ஐசனோவருக்கு நள்ளிரவு தாண்டி நெஞ்சுவலி வந்தபோதும், செரிமானக் கோளாறு என்றே முதலில் அறிவித்தார்கள். மதியம் எடுத்த இ.சி.ஜி.யில்தான் மாரடைப்பு உறுதியானது. ஆனால் இந்த முறை இதய நிபுணர் டாக்டர் பால் வைட் பத்திரிகையாளர்களைக் கூட்டி, நோயை ஒளிவுமறைவின்றி விளக்கினார். சாதாரண மக்கள் மாரடைப்பைப் பற்றிப் பேசவும் கேட்கவும் அது பெரிய தொடக்கம்.

இப்போது கருவி பலர் வீட்டில் இருக்கிறது. அளக்கும் முறைதான் தவறுகிறது. மாடி ஏறி வந்ததும் அளந்தால் கூடுதலாகக் காட்டும். காபி, சிகரெட் இரண்டிலிருந்தும் அரை மணி நேரம் தள்ளியிருங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கால்மேல் கால் வேண்டாம். கஃப் (மேற்கையில் சுற்றும் பட்டை) இதயத்தின் உயரத்தில் இருக்கும்படி கையை மேசையில் வையுங்கள். கை தொங்கினால் அளவு ஏறும். சட்டைமேல் கட்டாதீர்கள். பருத்த கைக்குச் சிறிய கஃப் கட்டினால் இல்லாத பி.பி.யும் இருப்பதாகக் காட்டும். அதனால் வாங்கும்போதே மேற்கையின் சுற்றளவை அளந்து, கஃபில் அச்சிட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள்.

ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலையும் மாலையும், ஏழு நாள் எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள். 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் அந்தத் தாளோடு மருத்துவரிடம் போங்கள். அளவு சரியாகிவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சரியாக்கியதே அந்த மாத்திரைதான்.

180/120ஐத் தாண்டினால் ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் குறையவில்லை, ஆனால் வேறு தொந்தரவு இல்லை என்றால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம், பார்வை மங்கல், இதுவரை வராத கடும் தலைவலி இவற்றில் ஒன்று இருந்தாலும் மறுபடி அளந்துகொண்டிருக்க வேண்டாம். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.