காந்தாரத்துக்காக ஓநாய் வளர்த்தவர்கள்

ச-வில் தொடங்கி ப-வுக்கு ஏறுங்கள். அந்த ப-வையே புது ச-வாக வைத்து அதன் ப-வுக்கு ஏறுங்கள். இப்படி 12 முறை ஏறினால், ஏழு ஸ்தாயி மேலே (ஒரு ஸ்தாயி ஏறினால் அதிர்வெண் இரட்டிக்கும்), புறப்பட்ட ச-வுக்கே வந்து சேர வேண்டும். ஆனால் கணக்கு உதைக்கிறது. சுத்தமான ச-ப இடைவெளியின் அதிர்வெண் விகிதம் 1.5. அதை 12 முறை பெருக்கினால் 129.75, ஏழு ஸ்தாயிக்கு வேண்டியதோ 128. அரைச்சுரத்தில், அதாவது அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் இடைவெளியில், ஏறக்குறைய கால் பங்கு மிஞ்சுகிறது. பாடகர் குரலை வளைத்துச் சமாளித்துவிடுவார். ஸ்தாயிக்கு 12 கட்டைகளே உள்ள ஆர்கன் என்ன செய்யும்?

இடைக்கால ஐரோப்பா ச-ப-வைச் சுத்தமாக வைத்துக்கொண்டு அந்தர காந்தாரத்தை (இரண்டு க-க்களில் உயர்ந்ததை) விட்டுக்கொடுத்தது. நான்கு ப ஏறி, இரண்டு ஸ்தாயி இறக்கினால் கிடைக்கும் காந்தாரம் 81/64. காதுக்கு இனிய காந்தாரம் 80/64, அதாவது 5/4. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் இன்றைய பியானோவின் நடு சி சுரத்தோடு அதைச் சேர்த்து ஒலித்தால் இரண்டின் மேல்சுரங்களும் (ஒவ்வொரு சுரத்தோடும் மெலிதாகச் சேர்ந்தொலிக்கும் உயர்ந்த சுரங்கள்) மோதிக்கொண்டு விநாடிக்குச் சுமார் 16 முறை துடிக்கும். அந்தக் கால இசை ச-ப-வில் வந்து ஓய்ந்ததில் வியப்பில்லை.

15ஆம் நூற்றாண்டில் இசையமைப்பாளர்களுக்குக் காந்தாரத்தின் மேல் ஆசை பிறந்தது. அதற்கேற்ற சுருதி சேர்க்கும் முறையை இத்தாலிய இசைக் கோட்பாட்டாளர் பியேத்ரோ ஆரோன் 1523-ல் வெனிஸில் அச்சான தன் நூலில் விவரித்தார். தந்திரம் எளிது: ஒவ்வொரு ப-வையும் துளி இறக்கி, 1.5-ஐ 1.4953 ஆக்குவது. இப்போது நான்கு முறை ஏறினால் சரியாக 5 வரும். அதை இரண்டு ஸ்தாயி இறக்கினால் 5/4. துடிப்பு அடங்கிவிடும்.

சரி, விலை? 11 இடைவெளிகள் இப்படிக் குறுகினால் பன்னிரண்டாவது 1.53 ஆக வீங்கியே தீரும். வழக்கமாக அது ஜி ஷார்ப்புக்கும் ஈ ஃபிளாட்டுக்கும் நடுவே விழும். ஊளையிடுவதால் அதற்கு ஓநாய் என்றே பெயர். இதைக் குறை என்று சொல்ல எனக்கு மனமில்லை. தெரிந்தே செய்த பேரம் அது; இசையமைப்பாளர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போகாமலே எழுதினார்கள்.

போக ஆசைப்பட்டவர்களும் உண்டு. இந்த முறையில் ஜி ஷார்ப்பும் ஏ ஃபிளாட்டும் ஒரே சுரம் அல்ல; அதனால் கறுப்புக் கட்டைகளை இரண்டாகப் பிளந்து, ஜி ஷார்ப்புக்கு ஒன்று, ஏ ஃபிளாட்டுக்கு ஒன்று என்று வைத்தார்கள். வீட்டோ திரசுந்தீனோ 1606-ல் ஸ்தாயிக்கு 31 கட்டைகளோடு ஒரு கருவியே செய்தார். இன்றும் பொலோன்யா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 31 என்பது சும்மா பிடித்த எண் அல்ல. குறுக்கிய ப-வில் 31 முறை ஏறினால் வட்டம் கிட்டத்தட்ட மூடிக்கொள்ளும், ஓநாய்க்கு இடமே இருக்காது. வாசிப்பவரின் விரல்கள்தான் பாவம்! அப்புறம் 1691-ல் ஜெர்மனியின் இசைக் கோட்பாட்டாளர் வெர்க்மைஸ்டர், 12 கட்டைகளையே வைத்துக்கொண்டு பிழையைப் பல இடைவெளிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் முறைகளை வெளியிட்டார்.